எட்வின் நிரப்பிய நான்கு கட்டங்கள்

துயரப்படும் ஆத்துமாக்களுக்கு ஆறுதல் சொல்ல மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றிலேயே தலைசிறந்தது நான்கு கட்டங்கள் போட்ட ஒரு படிவம்தான். இதில் சந்தேகம் உள்ளவர்கள் பினாங்குத் தீவில் இருக்கும் ஓர் இறையியல் கல்லூரியில் (பெயர் வேண்டாம், அடக்கமான கல்லூரி) மூன்று வருஷம் முதுகலை படித்துவிட்டு வந்து பேசட்டும்.

எட்வின் புவனேஸ்வரன் படித்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் நல்ல வேலையை விட்டுவிட்டு, முப்பத்து நாலு வயதில் வந்து படித்தான். முதல் வருஷம் கடவுள் இருக்கிறாரா என்று மெய்யியல் படித்தான். இரண்டாம் வருஷம், இருக்கிறார் என்றால் எந்த அர்த்தத்தில் என்று படித்தான். மூன்றாம் வருஷம் கிரேக்க வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியதில் கடவுளை விசாரிக்க நேரமே கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "இந்தக் குழம்பில் ஏதோ ஒரு இன்மை இருக்குக்கா" என்பான். "உப்பு கம்மின்னு சொல்லித் தொல" என்பாள் அக்கா. அவன் சொல்ல வந்ததும் அதுதான்.

பட்டத்துக்கும் அவனுக்கும் நடுவில் இப்போது ஒரே ஒரு 'சொல்லுக்குச் சொல் அறிக்கை' பாக்கி. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நோயாளியோடு பேச வேண்டும். பேசும்போது பேனா கூடாது, கைப்பேசியில் பதிவு கூடாது. எல்லாவற்றையும் மனத்தில் வாங்கி வந்து அப்படியே எழுத வேண்டும். முதல் கட்டத்தில் போதகர் சொன்னது. இரண்டாவதில் நோயாளி சொன்னது. மூன்றாவதில் போதகர் உணர்ந்தது. நான்காவதில் 'இறையியல் சிந்தனை'. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். பாகான் டாலாம் சபையோ போதகர் இல்லாமல் இரண்டு வருஷமாக இவனுக்காகவே காத்திருக்கிறது.

புதன்கிழமை மதியம் ஆறாம் வார்டுக்குப் போனான். கட்டிலில் வாசு. ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். இனிப்புநீர் வியாதி வலது காலில் இறங்கிவிட்டது.

"நீங்க பாஸ்டரா தம்பி? நான் முருகன் கோயில் ஆளு. பரவால்லையா?"

"இருங்கண்ணே, பரவால்ல." இவன் மனத்துக்குள்: *நோயாளி ஒன்று: முருகன் கோயில் ஆளு, பரவால்லையா.*

"வெள்ளிக்கிழம காலையில கால பொத்தோங் பண்றாங்க லா. முட்டிக்கு மேல."

"காலை எடுக்கப் போறதப் பத்தி உங்க மனசுல ஏதோ ஓடுது." சொன்னதையே திருப்பிச் சொல்வது ஒரு நுட்பம். அதற்குத் தனியாக ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி உண்டு.

"ஆமா, ஓடாதா பின்ன? எம்மவ மீனாட்சி ஈப்போல இருக்கா. நாலு வருஷமாப் பேச்சு இல்ல. அவ கல்யாணத்துல நான்தான் தேவையில்லாம வாய விட்டேன். என் நம்பர பிளாக் பண்ணிட்டா. உங்க போன்லேருந்து கூப்பிட்டா எடுப்பா. இந்தக் கால்மேல ஏறி நின்னுதான் தம்பி அவ நடக்கப் பழகுனா. கால் இருக்கையிலயே ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நம்பரையும் சொன்னார். பத்து இலக்கம். எட்வினுக்கு வேர்த்துவிட்டது. ஏற்கெனவே பதினோரு வாக்கியங்களைத் தலையில் அடுக்கி வைத்திருக்கிறான். அதன்மேல் பத்து இலக்கம் என்றால் சும்மாவா?

"மகளோட பேசணும்னு ஆசைப்படுறீங்க."

"ஆமா தம்பி. பேசுங்க."

எட்வின் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மூன்று முறை தலையாட்டினான். வாசுவின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. தலையாட்டினால் சரி என்று அர்த்தம் என்று நினைத்துவிட்டார்.

வார்டை விட்டு வெளியே வந்தவன், தாதி மிஸ்ஸி ஒருத்தி "வெளிய போற வழி அந்தப் பக்கம்" என்று சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினான். அடேயப்பா, என்ன எழுத்து! வாசுவின் பேச்சோடு ஒட்டிவந்த ஒரு 'லா'கூட விட்டுப்போகவில்லை. கால்மேல் ஏறி நின்ற குழந்தைக்கு நேரே 'உடலின் இறையியல்' என்று எழுதினான். கைப்பேசி எண்ணுக்கு நேரே 'ஒப்புரவுக்கான மானுட ஏக்கத்தின் குறியீடு' என்று எழுதினான். எழுதி முடித்ததும் மனத்தில் ஒரு பெரிய நிம்மதி. எண் அந்த நிமிஷமே மறந்துபோனது.

வியாழக்கிழமை வகுப்பில் அறிக்கை வாசிக்கப்பட்டது. பேராசிரியை ரெவரெண்ட் டாக்டர் கிரேஸ் தனலெட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் நம்பரச் சொன்னப்ப நீங்க என்ன உணர்ந்தீங்க எட்வின்?"

"மறந்துடுவேனோன்னு பயந்தேன் டாக்டர்."

"அந்தப் பயத்தோட தங்கியிருந்தீங்களா?"

"அறிக்கை முடியிற வரைக்கும் தங்கியிருந்தேன்."

"அருமை."

"உடனே போன் பண்ணியிருந்தா அது மீட்பர் மனப்பான்மை ஆயிருக்கும் லா," என்றான் சக மாணவன் ஒருவன். எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். 'எல்லைகளைக் காத்தல்' பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவில் டாக்டர் ஒரே ஒரு குறை சொன்னார்: நோயாளியின் அந்தரங்கம் முக்கியம், எண்ணை மறைக்க வேண்டும். எட்வின் அங்கேயே கறுப்பு மையால் பட்டையாக அடித்தான். மற்றவர்கள் தங்களுக்குக் கொடுத்த அறிக்கைப் பிரதிகளைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். இந்த ஆண்டின் மிகச் சிறந்த அறிக்கை என்று மதிப்பெண் விழுந்தது. ஏ.

அறிக்கைக்கு நோயாளியின் சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு எட்வின் படிவத்தோடு போனபோது வாசுவைக் கட்டிலோடு ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். படுத்தபடியே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி! மீனாட்சி என்ன சொன்னா? கிளம்பிட்டாளா?"

எட்வினின் வாய் தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறீங்க."

"ஆமா தம்பி, அதத்தானே கேக்குறேன்," என்றார் வாசு. கட்டில் உள்ளே போய்விட்டது. கதவு சாத்திக்கொண்டது.

எட்வின் பையைக் கவிழ்த்து அறிக்கையை எடுத்தான். கறுப்புப் பட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நல்ல மை. மூன்று வருஷப் படிப்பில் அவன் செய்த காரியங்களிலேயே முழுமையாகச் செய்தது அந்தப் பட்டைதான். கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். அழும்போது, இதை மூன்றாவது கட்டத்தில் சேர்க்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. தலையில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

மத்தியானம் வாசுவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மயக்கம் முழுசாகத் தெளியாதவரின் காதருகே குனிந்து, "அண்ணே, நம்பர இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஒவ்வோர் இலக்கமாக அமுக்கினான். இரண்டாவது மணியிலேயே மீனாட்சி எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி, அப்பா, கால் ஆப்பரேஷன் என்று சொல்லத் தொடங்கினான்.

"அப்பாவுக்கா? ஐயோ, எப்ப ஆப்பரேஷன்? இப்பவே காடி எடுத்துட்டுக் கிளம்புறேன்."

"முடிஞ்சிடுச்சும்மா. காலையிலயே."

"என்னக் கூப்பிடச் சொன்னாரா?"

"சொன்னாரு. கால எடுக்குறதுக்கு முன்ன வரச் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"புதன்கிழம."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"இன்னிக்கு வெள்ளி. இந்த ரெண்டு நாளா நீங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

எட்வின் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை; நேராகப் பதில் சொன்னான்.

"அவர் சொன்னத எழுதிக்கிட்டு இருந்தேன்மா. ஒரு வார்த்த விடாம."