சால்வையாகக் கிடைத்த சம்பள உயர்வு

சம்பளம் என்னும் அற்ப விஷயத்தை ஒழித்து, அந்த இடத்தில் 'மரியாதை'யை நிறுவிய பெருமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தையே சேரும். அதன் நூலகர் ஜலஜா என்ற முறையில் இதை நான் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஆதம்பாக்கத்தில் வீட்டு வாடகை ஏறிவிட்டது. அதனால் மூன்று வருஷமாக நான் மாதம் இரண்டாயிரம் கூடக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செயலாளர் கல்யாணராமன் சாருக்கு என்மேல் வருத்தம்.

"புஸ்தகத்துக்கு நடுவுல உக்காந்துண்டு காசு காசுன்னா நன்னாவா இருக்கு? சம்பளத்தை ஒசத்தினா இது வெறும் உத்தியோகமாப் போயிடும். இப்போ பாரு, சேவை."

"வீட்டு ஓனர் வாடகைய சேவையா எடுத்துக்க மாட்டேங்கறாரு சார்."

"வாசிப்புப் பழக்கம் இல்லாதவர் போலிருக்கு" என்று அவருக்காகவும் வருந்தினார்.

போன வருஷ ஆண்டு விழாவில் என் கோரிக்கை 'சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டு', எனக்கு 'அறிவுச்சுடர்' பட்டமும் ஒரு சரிகைச் சால்வையும் வழங்கப்பட்டன. கைதட்டல் பலமாக இருந்தது. மறுநாள் காலை சால்வையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனேன். அங்கே டில்லிபாபு விழாக்களுக்கு வேண்டிய சால்வை, மாலை, கேடயம் எல்லாம் விற்கிறார்.

"அறுபது ரூபா தரேன் மேடம்."

"நூத்தி எம்பதுன்னு போட்டிருக்கே?"

"அது மேடைக்குப் போசொல்ல. ரிட்டன் வந்தா அறுபதுதான். ஒங்க யோகா டீச்சர், தோட்டக்காரரு அல்லாரும் எங்கைலதான் குடுத்துக்கினு கீறாங்கோ. ஒங்க சங்கத்துல இருந்து வந்து இத்தயே திரும்ப வாங்கிக்கினு பூடுவாங்கோ."

எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் அலமாரியிலிருந்து எந்தப் புத்தகமும் இவ்வளவு ஒழுங்காகப் போய்வந்து நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட பொருளை முத்திரையில்லாமல் வெளியே விடுவது தொழில் துரோகம். திரும்பிப் போய், சால்வையின் ஓரத்தில் நூலக முத்திரையைப் பளிச்சென்று குத்தினேன். மறுநாள்தான் விற்றேன்.

இந்த வருஷ விழாவில் செயலாளருக்கே பாராட்டு. யாருக்கும் சம்பளம் ஏற்றாமல் சங்கத்துக்கு மிச்சம் பிடித்ததற்காக 'சிக்கனச் சிகரம்' பட்டம். பொருளாளர் சுந்தரவல்லி சால்வை போர்த்தினார். புகைப்படம் அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. செயலாளரின் தோளில் ஊதா நிறத்தில் 'நூலகம்' என்று தெளிவாகத் தெரிந்தது. "லைப்ரரில இப்ப சாரையும் எடுத்துண்டு போகலாமா?" என்று மூன்றாம் மாடி அபயாம்பாள் கேட்டிருந்தார்.

மறுநாள் நூலகத்தைத் திறக்கும்போதே சார் கையில் சால்வையோடு வாசலில் நின்றார்.

"என்ன ஜலஜா இது, எந்தோள்ல உங்க சீல்?"

"லைப்ரரி பொருள் சார். பதினாலு நாள்ல திருப்பணும். தாண்டினா தினம் ரெண்டு ரூபா ஃபைன்."

அவர் முகம் வெளுத்தது. "ரெண்டு ரூபாயா? இந்தா சால்வை, இப்பவே திருப்பி வெச்சுக்கோ. ரசீது குடு."

கொடுத்தேன். "சார், அந்தச் சம்பள விஷயம்..."

"அதுக்கென்ன அவசரம்" என்று ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எப்பேர்ப்பட்ட நாணயஸ்தர். நூலகத்தின் பொருளை ஒரு நாள்கூட வைத்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. நூலகரின் பொருளை மட்டும் மூன்று வருஷமாக வைத்திருக்கிறார். அதற்குத்தான் ஃபைன் கிடையாதே.