ஜன்னலோர நேயர்

"உன் நிகழ்ச்சியை யாராவது கேக்கறாங்களாப்பா?"

"கேக்கறாங்க சார்."

"யாரு?"

மூன்று மாதத்துக்கு முன்பு சமூக வானொலியின் தலைவர் கேட்ட அந்த 'யாரு'வுக்குக் கண்ணாடிக்காரன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கடிதமே போடற நேயர் ஒருத்தங்க இருக்காங்க சார். பேரு... ஜன்னலோரம்" என்று, எதிரே தெரிந்த ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டான்.

"அப்ப கடிதம் வரட்டும், பாப்போம். வரலைன்னா அந்த ஒரு மணி நேரத்தைத் தோட்டக்காரருக்குக் குடுத்துடுவேன். உரத்தைப் பத்திப் பேசினாலாவது நாலு பேர் கேப்பாங்க."

வாரத்தில் ஆறு நாள் காலையிலிருந்து மாலைவரை மூக்குக்கண்ணாடி விற்பவன் அவன். சனிக்கிழமை காலை மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் 'பாட்டும் பேச்சும்' நடத்தினான். உள்ளூர்ப் புல்லாங்குழல், நாலு பேர் வந்துபோன ஓவியக் கண்காட்சி, நகராட்சியின் உடைந்த குழாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அலசும் நிகழ்ச்சி.

அவன் பயந்தது கலைக்காகவும் இல்லை, குழாய்க்காகவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து, ஒற்றை விரலை உயர்த்தி 'பேசுங்க' என்று சைகை காட்டும் ஒலிப்பதிவுக்காரிக்காக. ஆறு வருடமாக அந்த விரலைப் பார்த்துத்தான் பேசுகிறான். அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் அவளைப் பார்க்க வேறு சாக்கு கிடையாது. மைக்கில் மேயரையே கிழித்துத் தோரணம் கட்டுபவன், அவளிடம் மட்டும் "தண்ணி இருக்குங்களா?" என்பதைத் தாண்டியதில்லை.

ஆகவே கடிதம் எழுதினான். இடது கையால் எழுதி, நிலையத்து வாசல் பெட்டியில் தானே போட்டான்.

பெட்டியைத் திறந்து, உறைமேல் முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது வரவேற்பு மேஜையிலிருக்கும் தபாலம்மாவின் வேலை. ஒலிப்பதிவுக்காரியைப் பெற்றவள். உறையை மைக் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது நிலையத்து வழக்கம்.

"என் கண்ணாடி உடைஞ்சு எத்தனை நாளாச்சு தம்பி! எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்துக் குடுங்களேன்."

"கடைக்கு வாங்கம்மா."

"எனக்குப் படி ஏற முடியாதுப்பா" என்பாள் தபாலம்மா, நிலையத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு.

மூன்று வாரம் மூன்று கடிதம். தலைவர் குளிர்ந்துபோனார். நாலாவது வாரம் கடையில் கூட்டம்; கண்ணாடிக்காரன் கடிதம் எழுத மறந்துவிட்டான்.

கடிதம் வந்திருந்தது.

நேரலையில் பிரித்தான். 'அறிவிப்பாளர் ஐயா, நடுநடுவே மூச்சு விடவும். கேட்கிற எங்களுக்கு முட்டுகிறது. இப்படிக்கு, ஜன்னலோரம்.'

அவனுக்கு மூச்சே நின்றது. தான் பெற்றெடுத்த பொய் தனக்கே கடிதம் போட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

தலைமுழுகிவிட முடிவு செய்தான். அடுத்த வாரமே, "நம்ம ஜன்னலோரத்துக்குக் கல்யாணம். இனிமே அவங்களுக்கு எழுத நேரமிருக்காது" என்று அறிவித்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் விரல் உயரவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரி, "பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

"எனக்கென்னங்க கஷ்டம்?"

"எனக்கென்ன தெரியும்? கடிதம் எனக்கா வருது?"

மறுவாரக் கடிதம்: 'கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு வானொலி பிடிக்காதாம்.'

ஜன்னலோரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினான். 'விசா கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது.

வேறு வழி? கொன்றுவிட்டான். "துயரத்தோடு தெரிவிக்கிறேன்" என்று ஆரம்பித்தவுடனேயே, தலைவர் கதவைத் திறந்து கண்ணைத் துடைத்தபடி ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு உத்தரவிட்டார். வானொலியில் மௌன அஞ்சலி! பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்து ரிப்பேர் கடைக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

அடுத்த சனிக்கிழமை நிம்மதியாக வந்தவன் மேஜைமேல் உறையைப் பார்த்தான். நேரலையில் பிரித்துப் படித்தான்.

'என் மறைவுச் செய்தி கேட்டு மிகவும் வருந்தினேன். மௌன அஞ்சலி பிரமாதம். இதுவரை உங்கள் நிகழ்ச்சியில் வந்த மிகச் சிறந்த நிமிடம் அதுதான். ஆனால் அஞ்சலிக்கும் அதே சாயம் போன நீலச் சட்டையா?'

பாட்டு ஓடும்போது தலைவர் உள்ளே பாய்ந்தார். "செத்தவங்க கடிதம் போடறாங்களா? ஊரே சிரிக்குது! இது யாரோட வேலைன்னு நிகழ்ச்சி முடியறதுக்குள்ள நீயே சொல்லணும். இல்ல, அடுத்த வாரத்திலேருந்து உரம்தான்!"

அவர் போன பிறகும் கண்ணாடிக்காரன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. வானொலி கேட்பவருக்குச் சட்டையின் நிறம் எப்படித் தெரியும்?

மெல்ல நிமிர்ந்தான். தடுப்புக்கு அப்பால் இருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் நெஞ்சு புல்லாங்குழல் வாசித்தது.

பாட்டு முடிந்தது. விரல் உயர்ந்தது.

"நேயர்களே, முதல் மூணு கடிதத்தையும் எழுதினது நான். நான் ஒரு ஃபிராடு. மத்ததையெல்லாம் எழுதினவங்க என் சட்டையை வாராவாரம் பார்க்கிறவங்க." தடுப்பின் பக்கம் திரும்பினான். "ஏங்க... நீங்கதானே?"

அவள் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். குரல் அவன் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் வெடித்தது. "நானா? எவளோ ஒருத்தி உங்களுக்கு உருகி உருகி எழுதறாளேன்னு மூணு மாசமா வயிறெரிஞ்சு உக்காந்திருக்கேன்! நீங்க என்னடான்னா..."

சொல்லிவிட்டதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைச் சுருக்கி, "அந்த உறையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றாள்.

பிடித்தான்.

"நிலையத்து முத்திரை மட்டும் இருக்கு. தபால்தலையே இல்லையே! இது உள்ளேயே யாரோ எழுதினது!"

அப்போது கதவு திறந்தது. தபாலம்மா. வாசற்படியிலிருந்தே எதிர்ச் சுவரின் சின்னக் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட் இருக்கு, போதும்" என்றாள். மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஜன்னலோரம் பேசறேன் தம்பி, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல, அதனால நேயர் விருப்பமா நானே கேட்டுடறேன்: என் பொண்ணைக் கட்டிக்கறீங்களா?"