முத்தமிழ் ஃபுட்டி கழகத்தின் ஒரே கோல்

ஓடாமல், வியர்க்காமல், கோட்டு சூட்டில் ஒரு பொட்டுச் சேறு படாமல் ஃபுட்டி கிளப் நடத்த முடியும் என்று உலகுக்கு நிரூபித்தது ஆக்லாந்து முத்தமிழ் ஃபுட்டி கழகம். அந்தப் பெருமைமிகு கழகத்தில் நான் வெறும் ஆட்டக்காரன். பதவி கிடைக்காதவர்கள் ஆட வேண்டும் என்பது எங்கள் மரபு.

ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியர்களின் ஆட்டம். முட்டை வடிவப் பந்து. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இடைவெளியில் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. குறி தவறி ஓர இடைவெளியில் போனாலும் ஒரு புள்ளி கொடுப்பார்கள். நாங்கள் இருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதை ஆடுகிறவர்களே கொஞ்சம். பிறகு ஏன் தேர்ந்தெடுத்தோம்? கிரிக்கெட்டுக்கு ஏற்கெனவே நான்கு தமிழ்ச் சங்கங்கள், நான்கு தலைவர்கள். பூப்பந்தில் இரண்டு. தலைவர் நாற்காலி காலியாக இருந்த ஒரே ஆட்டம் இதுதான். அதில் ஹில்ஸ்பரோ தியாகலிங்கம் அவர்கள் "சமூகத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கி" அமர்ந்தார். சமூகம் என்பது அவருடைய மைத்துனர்.

சீசன் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் இருபது பேர் இருந்தோம். எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. குறி தவறிய உதைகளுக்குக் கிடைத்த ஒற்றைப் புள்ளிகளே எங்கள் சொத்து. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிர்வாகம் ஹில்ஸ்பரோவில் தலைவர் வீட்டில் கூடிப் பிரியாணி சாப்பிட்டு "மீண்டெழும் திட்டம்" தீட்டும். துணைத் தலைவர் ராஜூ ஐ.டி.க்காரர். சுவரில் படம் காட்டி, "நாம தோக்கல. கத்துக்கிட்டு இருக்கோம்" என்பார். படத்தில் ஓர் அம்பு மேலே போய்க்கொண்டிருக்கும். என்ன கற்றோம் என்று அம்பு சொல்லாது.

ஆட்டக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இருவர் நல்ல சம்பளம் என்று ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார்கள். சிலருக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட். மற்றவர்கள் துணைத் தலைவர்கள் ஆனார்கள். கடைசி ஆட்டத்துக்கு மிஞ்சியது பதினொருவர். நிர்வாகிகள் இருபத்திரண்டு பேர்.

எங்கள் கேப்டன் மாரிசாமி மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அப்பா ஃபுட்டி ஆடுகிறார் என்று அவர் மகள் அபிதா பள்ளியில் சொல்ல, யாரும் நம்பவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தன்று முதல் தடவையாக, நேரில் பார்க்க, பக்குரங்கா மைதானத்துக்கு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு கோலுண்ணே," என்றார் மாரிசாமி என்னிடம். "ஜெயிக்கெல்லாம் வேணாம். புள்ள பாக்கணும்."

நடுவர் தலைகளை எண்ணினார். பதினான்கு பேராவது வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் கிடையாது, லீக்கிலும் இடம் கிடையாது.

நல்லவேளை, அன்று குரூப் ஃபோட்டோ இருந்ததால் நிர்வாகம் முழுவதும் கோட்டு சூட்டோடு கூடாரத்தில் இருந்தது. மாரிசாமி உள்ளே ஓடினார்.

"சார், மூணு பேர் ஜெர்சி போட்டுட்டு மூலையில நின்னா போதும். பந்து உங்க பக்கமே வராம நாங்க பாத்துக்கறோம்."

"தோள்பட்டை பிரச்சினை மாரி," என்றார் ராஜூ. "கையத் தூக்கவே முடியல."

"எனக்கும் தோள்தான் தம்பி," என்றார் தலைவர். "தலை சீவவே ஏலாமக் கிடக்கு."

பின்வரிசையும் தோளைப் பிடித்துக்கொண்டது. இப்படியொரு நோய் ஆக்லாந்தில் பரவியிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். "இதுக்கென்ன, நாங்க மூணு பேர் தர்றோம். உங்க சட்டையக் கொடுங்க." இங்கே சின்ன லீக்குகளில் இது வழக்கம்தான். மாரிசாமி ஆங்கிலத்தில் மூன்று தடவை நன்றி சொன்னார்.

தலைவர் எழுந்தார். "இரவல் ஆக்களோ? தமிழன்ர தன்மானம் என்னாறது? இதைப் பற்றிக் கதைக்க வேணும். அவசரக் கூட்டம்!"

கூட்டம் முறைப்படி நடந்தது. குத்துவிளக்கு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. வரவேற்புரை, முன்னிலையுரை, துணை முன்னிலையுரை. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்தது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

"டாட், இஸ் தட் இட்?" என்றாள் அபிதா.

மாரிசாமி குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை மறுபடி கட்டினார்.

பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. "வந்தது வந்துட்டோம், கலந்து ஆடலாம்" என்று தன் அணியின் நீலச் சட்டை ஒன்றை மாரிசாமியிடம் எறிந்தார். ஆடினோம். சேற்றில் வழுக்கி எழுந்து மாரிசாமி உதைத்த பந்து தள்ளாடித் தள்ளாடிப் போய், நடுக் கம்பங்களுக்கு இடையே விழுந்தது. "தட்ஸ் மை டாட்!" என்று அபிதா மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்தாள். மாரிசாமி அவளைச் சேற்றோடு தூக்கிக்கொண்டார்.

சத்தம் கேட்டுக் கூடாரம் வெளியே பார்த்தது.

"நம்ம மாரிசாமி," என்றார் ராஜூ. "எதிரணி ஜெர்சியில!"

நான் உள்ளே போனபோது இரண்டு தீர்மானங்கள் தயார். ஒன்று: கழக வீரர் அடித்த, இந்த சீசனின் முதல் கோலுக்குக் காரணமான நிர்வாகத்துக்குப் பாராட்டு. இரண்டு: மாற்று அணிச் சட்டை அணிந்து கழகத்தின் மாண்புக்குக் களங்கம் விளைவித்த மாரிசாமி, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார்.

"அய்யா, ஆடுறதே பதினொரு பேரு," என்றேன். "அதுலயும் கேப்டன நீக்கினா யாரு ஆடுவா?"

தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "தம்பி, கழகம் விளையாடுற ஆக்களை நம்பி இல்லை." பிறகு சபையைப் பார்த்தார். "ஏற்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

இருபத்திரண்டு பேரின் கைகளும் காதை ஒட்டி, விறைப்பாக, நேராக மேலே எழுந்தன. ராஜூ இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

காலையில் நாங்கள் கேட்டது அவர்களில் மூன்று பேரை.