அகலப்படத்தில் சம்பந்தியம்மா

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உடம்பளவில் சௌக்கியம். போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயந்து, மரியாதை குறையாமல் இருக்கக் கடிதமாக எழுதுகிறேன். நடந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்கள் அத்தைதான் சொல்கிறாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில், ஓரமாக நின்ற உங்கள் தாயாரைப் போட்டோக்காரர் வெட்டிவிட்டார். ஒரு காதும் ஒரு தோளும்தான் மிச்சம். பிள்ளையைப் பெற்றவளுக்கு இவ்வளவுதான் இடமா என்று கேட்டுவிட்டுப் போனவர், மூன்று வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குழந்தை பிறக்கும்போதாவது இரண்டு வீடும் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று என் மகள் அழுததில்தான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெற்றோர் வந்தார்கள். இந்தத் தடவை ஒருத்தர்கூட வெட்டுப்படாமல் கூடம் முழுவதையும் ஒரே படமாக எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "அதுக்கென்ன மாமா, இலவச மென்பொருளே இருக்கு, ரொம்ப சுலபம்" என்றது நீங்கள். இதையும் குற்றமாகச் சொல்லவில்லை.

நீங்கள் அனுப்பிய குறிப்பை மூன்று முறை படித்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தக்கபடி எடுத்தால் ஆட்கள் கரியாகிவிடுவார்கள், ஆட்களுக்குத் தக்கபடி எடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும், அதனால் இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என மூன்று எடுக்க வேண்டும். பிறகு கேமராவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி மூன்று. இப்படி ஐந்து திருப்பம், பதினைந்து படம். எல்லாவற்றையும் மென்பொருள் கலந்து ஒட்டி ஒரே அகலப்படமாக்கிவிடும். இதுவரை புரிந்தது. "முக்காலி அவசியம்" என்று கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் அத்தை உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலியைத் தூக்கிவந்து, சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றி, அதன் மேல் கேமராவை வைத்தேன். கேமராவுக்கென்றே வேறு முக்காலி உண்டு என்று உங்கள் அப்பா சொன்னார். பதினான்காவது படம் எடுக்கும்போது சொன்னார்.

"யாரும் அசையக் கூடாது" என்று அறிவித்தேன். உங்கள் அத்தை சுவரோரம் நின்று மூச்சைக்கூட அளந்து விட்டாள். உங்கள் அப்பா நாற்காலியில் சிலை. உங்கள் தாயாரை மரியாதையாக நட்டநடுவில் உட்கார வைத்தேன். முதல் திருப்பம் இடது கோடி. கேமரா தன் பக்கம் பார்க்கலைன்னதும், "சம்பந்தி, படத்துல நான் விழறேனா?"ன்னு கேட்டாங்க. "உங்க முறை வரும்மா, இருங்க"ன்னேன். "அந்தப் போட்டோக்காரரும் இதைத்தான் சொன்னாரு"ன்னு எழுந்து வந்து இடது கோடியில நின்னுட்டாங்க. நான் கேமராவைத் திருப்பினா அவங்களும் அந்தப் பக்கம் நகர்றாங்க. மூணு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்தவங்களை, போய் உட்காருங்கன்னு எந்த வாயால சொல்றது? அஞ்சு திருப்பத்துக்கும் கூடவே வந்தாங்க. ஒரு திருப்பத்துல பாதி நடையில இருந்தாங்க.

அப்புறம் கம்ப்யூட்டர். ஒட்ட வேண்டிய ரெண்டு படத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற புள்ளிகளை மென்பொருள் தானே கண்டுபிடிக்கும்னு எழுதியிருந்தீங்க. கண்டுபிடிச்சுது. உங்க அப்பாவோட வழுக்கையும் மேலே தொங்குற உருண்டை விளக்கும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சுது. பொருத்தம் பிரமாதம்னு வேற காட்டிச்சு. அதை அழிச்சிட்டு, ஜன்னல் கம்பி, அலமாரிக் கைப்பிடின்னு ஒவ்வொரு புள்ளியா நானே குறிச்சேன். குடிநீர் வாரியத்துக் குழாய் வரைபடப் பிரிவுல முப்பத்திநாலு வருஷம் இருந்தவன் மாப்பிள்ளை நான். ஒரு குழாயை ரெண்டு தடவை வரைஞ்சதில்லை. கடைசியா, வெளிச்சத்தைச் சரிபண்ற பட்டையைக் "கொஞ்சம்" நகர்த்தணும்னீங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு எழுதலை. நகர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே செடியில ஒவ்வொரு இலையும் பளிச்சுனு வந்துது. கூடவே சுவத்து ஓதம், உங்க அப்பாவோட நெத்திச் சுருக்கம், எல்லாம் உளியால செதுக்கின மாதிரி வந்துது. உங்க அத்தை எட்டிப் பார்த்து, "என்னங்க, என்னைக் கிணத்துலேர்ந்து தூக்கின மாதிரி இருக்கு"ன்னா.

அதுகூடப் போகட்டும். ஒட்டி வந்த படத்துல உங்க தாயார் அஞ்சு பேர். கதவுகிட்ட ஒருத்தர், நாற்காலிக்குப் பக்கத்துல ஒருத்தர், ஜன்னல்கிட்ட ஒருத்தர், வலது கோடியில ஒருத்தர். பாதி நடையில இருந்த அஞ்சாவது ஆள் உடம்பு வழியா அலமாரி தெரியுது. நல்லா இருக்கிற மனுஷியை ஆவியாக்கிட்டேனேன்னு வேர்த்துப்போய் நான் திரையை மறைக்கறதுக்குள்ள உங்க அப்பா பார்த்துட்டார். "ஒருத்தரையே சமாளிக்க முடியலை சம்பந்தி"ன்னு காதோட சொன்னார். உங்க தாயாரும் பார்த்தாங்க. "படத்தை எனக்கு அனுப்பிடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அன்னைக்கே அனுப்பிட்டேன். நாலு நாளாச்சு, ஒரு போன் இல்லை.

ஆகவே, மாப்பிள்ளை, மென்பொருளை நீக்கிவிட்டேன். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் இனித் தொட மாட்டேன். மாமா வேண்டுமென்று செய்யவில்லை என்று உங்கள் தாயாரிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மகளை மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல்லவும். நீங்கள் இருவரும், வரப்போகும் சிசுவும், ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மேல் கொஞ்சமும் வருத்தமில்லாத,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் உங்கள் தாயார் போன் செய்தார். படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாராம். "எங்க சம்பந்தி வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாடியே இங்கே வந்து தங்குகிறாராம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "என் வீட்டுல எனக்கு ஒரே ஒரு இடமா?" என்று கேட்டவள்தான், பீரோவைத் திறந்து கேமராவை எடுத்து வைத்துவிட்டு, தலைவாரிக்கொண்டு கூடத்தின் இடது கோடியில் போய் நிற்கிறாள். ஆறு இடத்தில் வர வேண்டுமாம். மென்பொருளை மறுபடி எங்கிருந்து இறக்குவது என்று உடனே தெரிவிக்கவும். கடிதம் வேண்டாம், போனிலேயே சொல்லவும். அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.