கோ-கோ பெண்களும் என் நல்லெண்ணெயும்

உலகத்திலேயே ஆபத்தான ஆசாமி யார் என்று கேட்டால், புதிதாகச் சர்ட்டிபிகேட் வாங்கியவர் என்பேன். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒன்று கிடைத்தது. அது யுத்த காலம். பம்பாயில் எந்த நேரமும் குண்டு விழலாம் என்று பேட்டைக்குப் பேட்டை முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். மாதுங்கா வகுப்பில் நான்தான் முதலாவது. (மொத்தம் பதினொரு பேர். அதில் நாலு பேர் பரீட்சைக்கே வரவில்லை. இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.)

எங்கள் பேட்டையில் குண்டு விழவில்லை. பெட்டி நிறையக் கட்டுத்துணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தம்பி சேதுவைப் பிடித்து உட்கார வைத்துக் கை, கால், தலை என்று கட்டிக் கட்டிப் பழகினேன். ஒரு நாள் அவிழ்க்க நேரமில்லாமல் தலைக்கட்டோடேயே காலேஜுக்கு ஓடினான். மூன்று வாத்தியார்கள் கரிசனமாக விசாரித்தார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் நான் படித்த பெண்கள் பள்ளியில் கோ-கோ குழு ஆரம்பித்தார்கள். எங்களவர் வீட்டுப் பெண்கள் மைதானத்தில் இறங்கி ஓடுவது அதுவே முதல் தடவை. அம்மாக்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் விளையாட்டு டீச்சருக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடைசியில் எல்லா அம்மாக்களுக்கும் சேர்த்துப் பட்டு மாமி ஒரு நிபந்தனை போட்டாள். மாமியின் பெண் லலிதாவுக்குப் பதினாலு வயது. குழுவிலேயே வேகமானவள் அவள்தான்.

"ஆடட்டும், வேண்டாங்கலை. ஆனா ஒரு குழந்தைக்குக் கையோ காலோ ஒடிஞ்சுதுன்னா, அன்னியோட ஒன்பது பேரும் ஆத்துக்கு வந்துடுவா. அப்புறம் எங்களைக் கேக்கப்படாது."

"அதுக்குத்தானே மாமி நான் இருக்கேன்," என்று சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு மாதம் நான் அந்தப் பெண்களைக் கண்ணில் வைத்துக் காத்தேன். மைதானத்தில் கல் பொறுக்கினேன். நகம் வெட்டிவிட்டேன். யாராவது தும்மினால் கஷாயத்தோடு ஓடினேன். (என்னைக் கண்டதும் பெண்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.) ஒருத்திக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், தாதர் பள்ளியோடு மோதும் கடைசிப் பந்தயம் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தேன்.

பந்தயம் சனிக்கிழமை மத்தியானம். கடுமையாக ஓடுவதற்கு முன் தசையைத் தேய்த்து இளக்கினால் சுளுக்கு வராது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தேய்ப்பது என்றால் எங்கள் வீடுகளில் வேறு என்ன? அன்று காலை ஆறு மணிக்கே, பயிற்சி என்று அம்மாக்களிடம் சொல்லிவிட்டு ஒன்பது பெண்களையும் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சி முதல் உள்ளங்கை வரை சூடு பறக்கத் தேய்த்தேன். ஒருத்தியும் தப்பவில்லை.

இங்கே இரண்டு சங்கடம். யுத்தத்தில் கடைத்தெருவில் சீயக்காய் போன இடம் தெரியவில்லை. வீட்டில் இருந்தது இரண்டு தலைக்குக் காணும். அதை ஒன்பது தலைக்குப் பங்கு போட்டேன். இரண்டாவது, எங்கள் கட்டடத்துக் குழாய்க்கென்று ஒரு நேரம் உண்டு. ஏழாவது பெண்ணுக்குத் தலை அலசும்போது குழாய் புஸ்ஸென்று காற்று விட்டு நின்றுவிட்டது. எட்டாவது பெண்ணுக்குக் குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீர். ஒன்பதாவது லலிதா. அவளைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

"அக்கா, பிசுபிசுங்கறதே," என்றாள்.

"உடம்புக்கு நல்லதுடி," என்றேன்.

கோ-கோவில் துரத்துகிறவள் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஒரு மரக் கம்பம் நட்டிருக்கும். ஓடிவந்து அதைப் பற்றி, ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். வெயில் ஏற ஏற எங்கள் பெண்களின் உள்ளங்கையிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. ஒருத்தி பிடித்ததும் கம்பம் மினுமினுத்தது. நாலு பேர் பிடித்ததும் கோவில் விளக்குத் தூண்போல ஆகிவிட்டது. பிறகு தாதர் பெண்கள் துரத்தும் முறை வந்து, அவர்களும் வழுக்க ஆரம்பித்தார்கள். நடுவர் ஒரு மராட்டிய அம்மாள். கம்பத்தைத் தொட்டார், விரலை முகர்ந்தார்.

"ஹே காய் ஆஹே? தேல்?" இதென்ன, எண்ணெயா என்று கேட்டார்.

நான் பாய்ந்து போய் என் முந்தானையால் கம்பத்தைத் துடைத்தேன். விடிகாலையிலிருந்து ஒன்பது தலையின் எண்ணெயைக் குடித்திருந்த முந்தானை அது. கம்பம் முன்னைவிடப் பளபளத்தது. தாதர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் நடுவரே மண்ணை அள்ளிப் பூசினார். எங்கள் பெண்கள் இரண்டு சுற்றுச் சுற்றியதும் மண்ணும் போயிற்று.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். இன்னும் இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை எங்களுக்கு. லலிதா அம்பாகப் பறந்து வந்தாள், கம்பத்தைப் பிடித்தாள். கம்பம் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. இடது கையை ஊன்றி விழுந்தாள். மளுக்கென்ற அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். சேதுவின் கை இப்படி ஒரு நாளும் கோணிக்கொண்டு இருந்ததில்லை. டீச்சரின் மர ஸ்கேலை அடியில் கொடுத்துக் கட்டினேன். கட்டு சரியாக விழுந்தது. டீச்சர் என் காதருகே குனிந்தாள்.

"கமலா, ரெண்டு நிமிஷம்தான் பாக்கி. இடது கைதானே? அப்படியே அனுப்பிடேன்."

"வலிக்கவே இல்லை அக்கா, நான் ஆடறேன்," என்றாள் லலிதா. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எலும்பு ஒடிஞ்சிருக்கு டீச்சர். இவ ஆட மாட்டா."

"கோப்பை போயிடும்டி."

"போகட்டும்."

அன்று முழுவதும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

டாக்டர் மாவுக்கட்டுப் போடும்போது, "முதல்ல யார் கட்டினது? எலும்பு துளி நகரலை," என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. பட்டு மாமி வீட்டு வாசலில் ஒன்பது அம்மாக்களும் கூடியிருந்தார்கள். எனக்குப் பின்னால் எட்டுப் பெண்களும் வந்தார்கள். இனி ஆட்டம் கிடையாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

மாமி மெதுவாகக் கேட்டாள். "எண்ணெய் தேய்ச்சியா?"

"ஆமாம் மாமி."

"சனிக்கிழமை? பொண்குழந்தைகளுக்கு?"

சனிக்கிழமை ஆண்களுக்குரிய நாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

"தேய்ச்சுட்டு வெயில்ல ஓட விட்டியா? சீயக்காய்கூடச் சரியாப் போடாம? உங்கம்மா உனக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தா?"

அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் மாமி மற்ற அம்மாக்களைப் பார்த்தாள். "ஆட்டத்து மேல ஒரு குத்தமும் இல்லை. எல்லாம் இந்தப் பொண்ணாலே வந்த வினை. குழந்தைகள் ஆடட்டும். இவளை மட்டும் நான் கூட இருந்து பாத்துக்கறேன்." எட்டு அம்மாக்களும் தலையாட்டினார்கள். திட்டு வாங்கிவிட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழுதாள் என்றால் அது நான்தான்.

அடுத்த வருஷம் ஒன்பது பேர் பதினெட்டு ஆனார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பட்டு மாமி அடுப்புச் சாம்பலை டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்து, எல்லார் உள்ளங்கையிலும் தேய்த்து, தானே ஒரு தடவை கம்பத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தை ஆரம்பிக்க விடுவாள். லலிதாவின் கை நூல் பிடித்த மாதிரி நேராகச் சேர்ந்தது. அந்தக் கையோடு இன்னும் இரண்டு வருஷம் ஓடினாள்.

பிறகு அவளே எங்கள் வீட்டுக்கு சேதுவின் மனைவியாக வந்தாள். கல்யாணத்தன்று தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனாரான என்னைக் கூப்பிட்டார்கள். மேளத்தையும் மீறிக் கூடம் முழுக்கக் கேட்கும்படி மாமி சொன்னாள்:

"முடிச்சு அவதான் போடணும். அவ கட்டினா நகராது. கார்த்தால மங்கள ஸ்நானத்துக்கு எண்ணெய் வைக்கத்தான் அவளை நான் கிட்ட விடலை."

இன்றும் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும் முதலில் என்னைத் தேடிப் பிடித்து வேறு அறையில் உட்கார வைக்கிறார்கள். முடிச்சுப் போடத்தான் கூப்பிடுகிறார்கள்.