ஒன்பது வால் அங்கியும் அறுபது கோஸும்

அந்த அங்கியால் ஒரு பயனும் இல்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். போட்டால் பலம் கூடாது. அடி குறையாது. முதுகுக்குப் பின்னால் ஒன்பது நரிவால் ஆடும், அவ்வளவுதான். அதற்காக ஒரு மனுஷன் ஒன்பதாயிரம் நரியைக் கொல்வானா என்று என் மனைவி மி-ரான் கேட்கிறாள். ஏன் கொல்லக் கூடாது? தினமும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேனே, அது வெயிலுக்கு ஆகுமா, மழைக்கு ஆகுமா? அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை!

அங்கி வருவது ஊரே கூடி ஆன்லைனில் ஆடும் ஒரு கேமில். அதில் என் வீரன் பெயர் கருங்காற்று. ஏழு வருடமாக ஒரே தோல் சட்டை. நேற்றுச் சேர்ந்தவனெல்லாம் இறக்கை கட்டிக்கொண்டு சந்தையில் திரிகிறான், கருங்காற்று வாத்து மேய்ப்பவன் மாதிரி நிற்கிறான். இந்த இலையுதிர்காலத்தில்தான் விடிவு வந்தது. ஒன்பது நாளில் ஒன்பதாயிரம் திருவிழா நரி கொன்றால் அங்கி. யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சாதுவான நரிகள். ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு சரி. அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. சனிக்கிழமை காலையில் எனக்கு எழுநூறு நரி பாக்கி.

அதே சனிக்கிழமைதான் மாமியார் வீட்டில் கிம்ஜாங். குளிர்காலம் முழுக்கத் தின்பதற்குக் கிம்ச்சி, அதாவது காரமான கோஸ் ஊறுகாய், போட்டு வைக்கிற நாள். அறுபது கோஸ். தூக்குவது மாப்பிள்ளை, முள்ளங்கி சீவுவது மாப்பிள்ளை, ஜாடி கழுவுவது மாப்பிள்ளை. போன வருடம் வேலை முடிந்து மூன்று நாள் என் கையில் பூண்டு மணத்தது.

காலை எழுந்ததுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாடி! மி-ரான், நிமிர முடியலையே!"

"அய்யய்யோ, எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"அசையாதீங்க. மருந்துப் பட்டை ஒட்டி விடட்டா?"

"நானே ஒட்டிக்கறேன். நீ கிளம்பு, அத்தை காத்துட்டிருப்பாங்க. கிம்ஜாங்குக்கு வர முடியலையேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

"பாவங்க நீங்க" என்றாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டுப் போனாள்.

லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பட்டையை ஒட்டிக்கொண்டு குதித்தேன். ஒரு மணி நேரத்தில் முந்நூற்று எண்பது நரி. மீதி முந்நூற்று இருபது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போது வாசல் பூட்டு பீப், பீப் என்றது. நாலு எண் அழுத்தி முடிப்பதற்குள் போர்வைக்குள் விழுந்தேன்.

முதலில் மாமியார். பின்னால் மி-ரான். அவர்களுக்குப் பின்னால் தள்ளுவண்டி நிறைய உப்பில் ஊறிய கோஸ்.

"மாப்பிள்ளை தனியா வலில கெடக்கறப்போ எனக்கு அங்க கை ஓடுமா?" என்றார் மாமியார். "அதான் கிம்ஜாங்கையே இங்க தூக்கிட்டு வந்துட்டோம்!"

ஹாலில் பிளாஸ்டிக் விரித்தார்கள். குளிக்கிற தொட்டி அளவுக்கு ஒரு பாத்திரத்தில் மிளகாய் விழுது. நடுவில் படுக்கையோடு நான். தலைமாட்டில் ரெண்டடி தூரத்தில் கம்ப்யூட்டர். திரையில் கருங்காற்று கத்தியை ஓங்கியபடி நிற்கிறான், நரிகள் அவன் காலைச் சுற்றி விளையாடுகின்றன. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. சொந்த வீட்டில் ஒருவன் கையைக் காலை நீட்டி நோயாளியாக இருக்கக்கூட உரிமையில்லை!

இரண்டு மணிக்கு மி-ரான் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொட்டி உறுமிக்கிட்டே இருக்கு. ஒயரைப் புடுங்கிடட்டா?"

"புடுங்காத!"

எழுந்து நின்றிருந்தேன். விளக்குக் கம்பம் மாதிரி நேராக.

மாமியார் என் இடுப்பை உற்றுப் பார்த்தார். "வலி வலப் பக்கம்னு சொன்னியே, மி-ரான். பட்டை இடப் பக்கம்ல இருக்கு?"

"நல்ல பட்டைம்மா. அந்தப் பக்கமிருந்தே வலிய இழுத்துடுச்சு" என்றாள் மி-ரான். "இந்தாங்க கையுறை."

முள்ளங்கி சீவினேன். விழுது பூசினேன். நாலரை மணிக்குப் பொறுக்க முடியாமல் அவள் காதருகே குனிந்து கெஞ்சினேன்.

"முந்நூத்தி இருபது நரிம்மா. ஆறு மணிக்குள்ள. உன் காலில் விழறேன்."

"விழுந்தா விழுது சிந்திடும். நீங்க கோஸைப் பாருங்க, நான் நரியைப் பாக்கறேன். எந்தப் பட்டன்?"

"இடது பட்டன். ஒண்ணு செத்ததும் அடுத்தது."

"இவ்வளவுதானா? இதுக்கா ஏழு வருஷம்?"

கோஸ் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரம் என்னவோ தட்டினாள், பிறகு சடசடவென்று சத்தம் வந்தது.

"பின்னால ஒண்ணு வருது பாரு!"

"உள் இலைக்கு விழுது போகல பாருங்க!"

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் "முடிஞ்சுது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை. இவளையா ஏமாற்றினோம் என்று நெஞ்சு வலித்தது, இது நிஜ வலி.

"நீ தெய்வம், மி-ரான்."

"ஒரு பெட்டி வந்து குதிக்குது. திறக்கட்டா?"

"தொற, தொற!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒன்பது வால். அடடா, என்ன அசைவு! அதற்கு முன்னால் சுருட்டை முடியும் மடித்துவிட்ட கையுமாகக் குண்டாக ஒரு பொம்பளை நின்றாள். கருங்காற்றைக் காணவில்லை.

"யாரு இது?"

"நான்தான். உங்க ஆளோட மூஞ்சி எனக்குப் பிடிக்கல. புதுசா ஒருத்தியைச் செஞ்சுக்கிட்டேன். நரிக் கணக்கு ரெண்டு பேருக்கும் பொதுவாமே."

"ஐயோ! ஒருத்தர் போட்டா இன்னொருத்தருக்கு மாத்த முடியாதே!"

"தெரியுமே. அதுவே மூணு தடவை கேட்டுச்சு, மாத்த முடியாது, சம்மதமான்னு. மூணு தடவையும் சம்மதம்னு அழுத்தினேன்."

ஒன்பது நாள்! ஒன்பதாயிரம் நரி! கத்துவதற்காக வாயை அகலமாகத் திறந்தேன். கிம்ஜாங் முடிந்ததும் வெந்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி ஊட்டுவது எங்கள் வழக்கம். மி-ரான் ஒரு பெரிய உருண்டையாக உள்ளே திணித்தாள்.

ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.