திருகோணமலைக் காயம்

தாம் ஒருகாலத்தில் அடிமைப்படுத்திய மக்கள்மேல் பிரெஞ்சுக்காரருக்கு இப்போது அளவில்லாத பிரியம். அந்தப் பிரியத்தின் பெயரால், பரிஸில் நம் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஓர் அறை இருந்தது. ரூ காய் என்ற தெருவின் கடைகளிலிருந்து கறிவாசம் ஜன்னல்வரை வரும். கதவுக்குப் பூட்டு உண்டு. பின்காலனிய அடையாளத்தை ஆராயும் பிரெஞ்சுமொழிக் கவிஞர் ஒருவருக்கு வருஷத்தில் பத்து மாதம் அந்த அறை இலவசம்.

கீர்த்தனனுக்கு வேண்டியிருந்தது அந்தப் பூட்டுத்தான். புறநகர் திரான்சியில் இரண்டறை வீடு, ஆட்கள் ஐந்து. பெடியன் குளியல் தொட்டிக்குள் காலை நீட்டியிருந்துதான் கவிதை எழுதுவான். முதல் ரயிலில் வேலைக்குப் போகிற சனம் நின்றபடியே நித்திரை கொள்வதைப் பற்றி, பிரெஞ்சில், ஒரு நீண்ட கவிதை. நல்ல கவிதை, சத்தியமாய். நல்ல வரி வருகிற நேரம் பார்த்து யாராவது கதவைத் தட்டுவார்கள். அவர்களுக்கு அவசரம், பாவங்கள்.

அறைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குழுவின் தலைவி ஜெனவியேவ் அம்மையார் கழுத்தில் ஆபிரிக்க மணி, காதில் வியட்நாம் வெள்ளி, தோளில் நம்முடைய பட்டுச்சேலையில் வெட்டிய சால்வை. பறிபோன சாம்ராஜ்யம் முழுவதையும் மனுசி மேலில் மாட்டியிருந்தார்.

"கவிதை அபாரம். உங்களை அடிமைப்படுத்தியவர்கள் யார்?"

"போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், மேடம்."

"பிரான்ஸ்?"

"இல்லை, மேடம்."

"கொஞ்சமும் இல்லையா?"

குழுவின் செயலாளர் அல்பிரட் கண்ணாடியைக் கழற்றினார். "ஆங்கிலேயர் செய்த பாவத்துக்குப் பிரெஞ்சு வரிப்பணத்தில் பரிகாரம் தேட ஒழுங்குவிதிகள் இடந்தரா."

"நான் பிறந்ததே பரிஸில்தானே, ஐயா?"

"அது காலனித்துவம் அல்ல. பிரசவம்."

வீட்டில் அம்மா கோசலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டதும் கத்தியை வைத்தாள்.

"உதுக்கே மூஞ்சையை நீட்டிக்கொண்டிருக்கிறாய்? எங்கட திருகோணமலைக் கோட்டையை இருநூறு வருசத்துக்கு முந்தியே பிரெஞ்சுக்காரன் பிடிச்சவன் எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சனான். ஒரு வருசம் சொச்சம் இருந்திட்டு விட்டிட்டுப் போட்டான்."

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

"எங்கட ஆக்களுக்கு ஏதும் செய்தவங்களோ?"

"ஆர் கண்டது? வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

மறுபடி குழுவிடம் போய்ச் சொன்னான். ஜெனவியேவ் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, பிரான்ஸின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அல்பிரட் இழுத்தார். "ஒரு வருட ஆக்கிரமிப்புக்குப் பத்து மாத அறையா? விகிதாசாரம் இடிக்கிறதே."

"அல்பிரட்! அல்ஜீரியாவை எல்லாரும் எழுதியாயிற்று. இந்தோசீனா போன வருஷத்தோடு ஓய்ந்தது. இது யாரும் கைவைக்காத காயம்!"

ஒரேயொரு நிபந்தனை. ரயில் கவிதையைக் கைவிட வேண்டும். தூங்குகிறவர்களுக்கு அடையாளச் சிக்கல் இருக்க முடியாது என்பது குழுவின் ஏகமனதான முடிவு.

திருகோணமலைப் பக்கமே போயிராத பெடியன், அந்தக் கோட்டை தன் நெஞ்சுக்குள் எரிகிறது என்று எழுதினான். எழுத வெட்கமாய்த்தான் இருந்தது. பூட்டை நினைத்துக்கொண்டு எழுதினான்.

அவனுக்கு அறை கிடைக்கும் செய்தி லா ஷப்பலில் பரவியது. ஊர்ச் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன், சேலைக்கடைக்காரர், பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த மனுசன், "எங்கட பூட்டன் திருகோணமலைதான்" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு பார்த்தால் தேநீர்க்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பூட்டன் திருகோணமலை.

"பிரெஞ்சு விசரன்கள், ஏன் ஒரு வருசத்திலை விட்டிட்டுப் போனவங்கள்?" என்றார் தலைவர். "நூறு வருசம் இருந்து எங்களை ஆண்டிருந்தா, இஞ்சை வதிவிடக் காட் கெதியாக் கிடைச்சிருக்குமெல்லே!"

ஓம் ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்குக் கண்கூடக் கலங்கியது.

அறையைக் கையளிக்கும் விழாவுக்கு ராதாகிருஷ்ணன் ரோசாமாலையோடு வந்தார். கோசலை பட்டுடுத்து முன்வரிசையில் இருந்தாள். ஜெனவியேவ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஆவணக்காப்பகத்தில் தேடினேன். கோட்டையைப் பிடித்த கப்பற்படையில் என் மூதாதை ஒருவர் இருந்திருக்கிறார். திருகோணமலையில் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறார். அந்தக் காயம் என் இரத்தத்திலும் ஓடுகிறது!"

அல்பிரட் ஒழுங்குவிதியை வாசித்தார்: நேரடிப் பாதிப்புக்கு ஆதாரம் உள்ளவருக்கே முன்னுரிமை. எனவே அறை அம்மையாருக்கு. அம்மையாரும் கவிதை எழுதுவாராம். அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது.

சபை கொஞ்சம் முழித்தது. மாலை வாடப்போகிறதே என்று ராதாகிருஷ்ணன் அதை ஜெனவியேவின் கழுத்தில் போட்டார். உடனே கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கோசலை மேடைக்கே ஏறிவிட்டாள். "சனியன் பிடிச்சவளே, அது என்ரை பிள்ளையின்ரை அறையடி!"

ஜெனவியேவ் அதைத் தொன்மையான ஒரு வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கீர்த்தனனின் கையைப் பற்றினார்.

"வருந்தாதீர்கள். பிரான்ஸ் உங்களிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டது. இனித்தான் உங்கள் காயத்துக்கு முழுத் தகுதி. அடுத்த வருஷம் கட்டாயம் விண்ணப்பியுங்கள்."

"மெர்சி, மேடம்," என்று நன்றி சொன்னான் அவன்.

ராதாகிருஷ்ணன் கிட்ட வந்து காதுக்குள் கேட்டார். "எவ்வளவு காலத்துக்குப் பிடிச்சு வைச்சிருப்பாவாம்?"

"பத்து மாசம், அண்ணை."

"அப்ப பரவாயில்லையடா. போனமுறையை விடக் குறைவு."

"வாடா வீட்டை போவம். அந்த ரயில் கவிதையை எண்டாலும் எழுதி முடி," என்று கோசலை கையைப் பிடித்து இழுத்தாள். கீர்த்தனன் அசையவில்லை. அடுத்த வருஷ விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தான்.